ஒன்றரை ஷிப்ட் உடற்பயிற்சி ஆகாது

குன்னத்தூர் பக்கம் யாரிடமாவது உடற்பயிற்சி என்று பேச்செடுத்துப் பாருங்கள். "பொழுதுக்கும் கம்பெனியில கெடந்து உழைக்கறமுங்க, அதுக்கு மேல என்னத்துக்குங்க எக்சசைசு?" என்று பதில் வரும். டெய்லர் சொல்கிறார், தறி ஓட்டுகிறவர் சொல்கிறார், காலையில் வேன் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் இருட்டிய பின் வந்து இறங்கும் செக்கிங் அக்காவும் சொல்கிறார். ஜிம்மும் பயிற்சியாளரும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு, உழைக்கிற உடம்புக்கு அது வேண்டியதில்லை என்பது ஊரார் தீர்ப்பு. அவர்கள் சொல்லும் களைப்பு நிஜம். தீர்ப்புதான் தப்பு.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான சாட்சி உண்டு. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து, ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று எழுதினார். வேலையே உடம்பைக் காக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த நடத்துநர்கள் மாடிப் பேருந்தின் படிகளில் நாள் முழுக்க ஏறி இறங்கியவர்கள். பவர் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் டெய்லர் அந்தக் கதையில் யார்? ஓட்டுநர்தான்.

ஓவர்லாக்கிலோ சிங்கரிலோ தைப்பவரைப் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஓடுவது மோட்டார், பாதம் பெடலை லேசாக அழுத்துகிறது, அவ்வளவே. சிங்கர் என்றால், துணியை அழுத்திப் பிடித்திருக்கும் மெஷினின் பாதத்தைத் தூக்க வலது முழங்கால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டும். விரல்கள் துணியைத் தள்ளும். கழுத்து குனிந்தது குனிந்தபடி, தோள்பட்டை தூக்கியது தூக்கியபடி. பீஸ் ரேட் என்றால் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மனம் வராது. இதில் இதயம் வேகமாகத் துடிக்க வேலையில்லை, தொடைக்கும் முதுகுக்கும் வேலையில்லை. தோளிலும் கழுத்திலும் உள்ள சில தசைகள் மட்டும் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை விடுப்பில்லாமல் இறுகி நிற்கின்றன. மாலையில் வரும் வலியை உழைத்த வலி என்கிறோம். பாதி உண்மை, மீதிப் பாதி அசையாமல் இருந்த வலி.

"செரி, பண்டல் தூக்கறவன்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோபன்ஹேகனில் 1,04,046 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இதயநோயும் மரணமும் குறைந்தன. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்குக் கூடின. ஆய்வை நடத்திய ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மான் குழுவினர் இதற்கு ஊகிக்கும் காரணம் நமக்கும் புரிவதுதான். பயிற்சியில் நெஞ்சு படபடக்கும், சிறிது நேரத்தில் அடங்கும், அடுத்த நாள் ஓய்வு. சுமை தூக்கும் வேலையில் ரத்த அழுத்தம் மணிக்கணக்கில் ஏறியே நிற்கும். ஆறுவதற்குள் மறுநாள் ஷிப்ட் வந்துவிடும்.

இன்னொன்று. 1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட வீரர்களுக்கு எடையைச் சிறுகச் சிறுகக் கூட்டித் தசை வளர்த்தார். இன்றுவரை பயிற்சியாளர் தொழிலின் அடித்தளம் அதுதான்: உடம்பு தாங்குவதைப் பார்த்துச் சுமையை ஏற்று, வலித்தால் இறக்கு. கம்பெனியில் சுமையை நிர்ணயிப்பது ஷிப்மென்ட் தேதி.

அடுத்த வாதம் தாத்தாவைப் பற்றியது. "எங்க அப்பாரு எந்த ஜிம்முக்குப் போனாருங்க?" போகவில்லைதான். ஆனால் நாளெல்லாம் காட்டில் பாடுபட்ட அந்தத் தலைமுறைதான் தமிழ்நாட்டு ஊர்களில் இளவட்டக்கல் தூக்கியது, கர்லாக்கட்டை சுற்றியது, தண்டால் எடுத்தது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொங்கில் வள்ளி கும்மியைப் பாருங்கள். பெண்களையும் அதில் ஆட வைத்துப் பழக்கிய பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. குனிந்து, நிமிர்ந்து, சுற்றி, தாளம் ஏற ஏற வேகம் கூட்டி ஆடும் ஆட்டம் அது. ஒரு மணி நேரம் ஆடிவிட்டு இது பயிற்சி இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நேரமில்லை என்பதுதான் மறுக்கக் கடினமானது. ஒன்றரை ஷிப்ட் முடித்து, வேனில் வந்து, சோறாக்கி வைக்கும் பெண்ணிடம் ஒரு மணி நேரம் ஒதுக்கு என்பது கொழுப்பெடுத்த பேச்சு. ஆனால் டென்மார்க்கில் 198 அலுவலக ஊழியர்களிடம் நடத்தி 2011-ல் வெளியான சோதனையில், ரப்பர் குழாயை இழுத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியை ஒரு குழு தினம் 2 நிமிடம் செய்தது, இன்னொரு குழு 12 நிமிடம். பத்து வாரத்தில் இரண்டிலும் கழுத்து, தோள் வலி குறைந்தது. அவர்கள் டெய்லர்கள் அல்லதான். குனிந்த கழுத்தும் இறுகிய தோளும் ஒன்றுதான். (ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டாம், உடற்பயிற்சிக்கென்றே ரப்பர் பட்டை விற்கிறது.) பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான அசைவும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சிறுகச் சிறுகச் சேர்த்தாலும் கணக்கில் சேரும்.

பயிற்சியாளர்கள் மீதும் குறை உண்டு. வந்தவுடன் பவுடர் டப்பாவைக் காட்டுவது, எல்லாருக்கும் ஒரே அட்டவணையை ஒட்டுவது, நாளெல்லாம் தோள் முன்னால் வளைந்து கிடப்பவரை நெஞ்சுப் பயிற்சியில் படுக்க வைப்பது எல்லாம் நடக்கிறது. டெய்லருக்கு முதலில் வேண்டியது பின்னால் இழுக்கும் பயிற்சி, உட்கார்ந்து எழும் பயிற்சி. "பத்து கிலோ குறையணும்" என்று வருகிறவரிடம் நல்ல பயிற்சியாளர் தூக்கத்தைக் கேட்பார், பதினோரு மணி டீயோடு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பார், முதல் மாத இலக்காக எடையைச் சொல்லாமல் வாரம் மூன்று நாள் வருவதைச் சொல்வார்.

ஆகவே சேரும் முன் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வேலை என்ன, எத்தனை ஷிப்ட், எங்கே வலிக்கிறது என்று முதல் நாளே கேட்காத பயிற்சியாளரிடம் பணம் கட்டாதீர்கள்.