கண்ணாடித் தொட்டியில் ஒரு கடற்பகை

கனடா நாட்டின் றொறன்ரோ நகரில் வாழும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் கடந்த மார்கழி மாதத்தில் நமக்கொரு கடிதம் விடுத்திருந்தார். தம் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியிலுள்ள முருகைக் கற்களின் மேல் துருநிறமான சிறு புழுக்கள் படர்ந்துவிட்டன என்றும், அவற்றை ஒழிக்கும் மார்க்கம் யாதென்றும் வினாவியிருந்தார். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் மேசையிலே குவிந்து கிடந்த வேளை அது. விலங்கியல் படிப்பிக்கும் நாம் அக்கடிதத்தை ஊன்றிப் படித்தோமில்லை. “கடையிலே மருந்து விற்பார்கள்; வாங்கி இடும்” என்று இரண்டே வரியில் மறுமொழி எழுதிவிட்டு நம் வேலையைப் பார்த்தோம். அவ்விரண்டு வரியின் விளைவே இவ்வாரக் கட்டுரை.

“வீட்டுக்குள்ளே கடலா?” என்று நேயர்கள் வியக்கக்கூடும். ஹிக்கடுவையிலே கண்ணாடி அடித்தளப் படகிலிருந்தோ, திருகோணமலைப் புறாத்தீவிலே நீருள் மூழ்கியோ முருகைக்கற்பாரைக் கண்டவர்கள் அதன் அழகை அறிவர். அதனை மிகச் சிறிய அளவில் வீட்டிலே அமைப்பதே இக்கலை. ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புச் சேர்ந்த நீர், 25 அல்லது 26 பாகை வெப்பம், அலைபோல் நீரை அசைக்கும் பொறி, சூரியனுக்கு ஈடாக ஒரு விளக்கு ஆகிய இத்தனையும் வேண்டும். முருகைக்கல் கல்லன்று, கூட்டமாய் வாழும் நுண்ணிய விலங்குகளின் இல்லம். அவ்விலங்குகளின் தசைக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாத அல்காக்கள் குடியிருந்து, ஒளித்தொகுப்பினால் உணவு ஆக்கி வீட்டுக்காரருக்கும் ஊட்டுகின்றன. ஆகவே ஒளி மறைந்தால் முருகைக்கு உணவு குறையும்.

நம் மாணாக்கரின் தொட்டி 300 லீற்றர் கொள்வது. அதனை அவர் வைத்திருந்தது தமக்காக மட்டுமன்று. பருத்தித்துறைக் கடற்கரையிலே பிறந்து வளர்ந்த அவருடைய தாயார், இப்போது பனி பெய்யும் மாதங்களில் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. காலையில் தேநீர்க் கோப்பையோடு அத்தொட்டியின் முன்னே கதிரையைப் போட்டு அமர்வார். ஏழு மீன்களுக்கும் ஏழு பெயர் வைத்திருந்தார்.

நம் சொற்படி மாணாக்கர் மருந்து வாங்கினார். ஒரு மாலையில் அதைத் தொட்டியில் ஊற்றினார். புழுக்கள் துடித்து உதிர்வதைக் கண்டு மகிழ்ந்து, இன்னும் விரைவாக முடியட்டும் என்று மேலும் ஒரு மூடி ஊற்றிவிட்டு உறங்கப் போனார். விடிந்தபோது ஐந்து மீன்கள் மிதந்தன. தாயார் அழவில்லையாம். “கடலைக் கழுவ நினைச்சியோ, தம்பி?” என்று மாத்திரம் கேட்டாராம். இவ்வாசகத்தை நாம் அவருடைய இரண்டாவது கடிதத்திலே படித்தோம். அன்றிரவு விடைத்தாள் திருத்த நமக்கு மனம் வரவில்லை.

பிழை எங்கே நிகழ்ந்தது? மருந்து புழுவைக் கொன்றது உண்மை. மீன்களின் சாவுக்குப் பெரும் காரணம் செத்த புழுக்களே எனக் கொள்ள இடமுண்டு. இப்புழுக்களின் உடற்சாறு மீனுக்கு நஞ்சு. உயிரோடு திரியும்வரை அந்நஞ்சு பெரும்பாலும் அவற்றின் உடலுக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே இரவிலே மடிந்து கரையும்போது அவ்வளவும் நீரிலே கலக்கும். அழுகும் உடல்கள் நீரின் ஒட்சிசனையும் குறைக்கும். இப்பகையைப் பொறுத்தவரை அதன் வாழ்வினும் அதன் சாவே கொடிது. இதனை முதற்கண் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இனி, பகைவன் யாரென்று பார்ப்போம். துருநிறம், சில மில்லிமீற்றர் நீளம், பின்புறத்தில் மூன்று வால்கள் ஆகியன இருந்தால் அது பெரும்பாலும் கொன்வொலுற்றிரிலோபா என்னும் இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்தில் ரெற்றோஜெம்மா என்னும் சிற்றினத்துக்கு 1988ஆம் ஆண்டிலே விஞ்ஞானிகள் பெயரிட்டனர். அவர்கள் ஆராய்ந்த புழுக்களும் கடல்நீர்த் தொட்டியிலே கிடைத்தவையே. இதன் பெருக்கம் விந்தையானது. தாய்ப்புழுவின் பின்முனையிலே குட்டி அரும்பும். அக்குட்டியின் தலை தாயின் தலைக்கு எதிர்த்திசையை நோக்கியிருக்கும். முற்றியதும் கழன்று நீந்திவிடும். இணைசேர வேறொரு புழு வேண்டியதில்லை. புதிதாய் வாங்கிய முருகைத் துண்டில் ஒட்டிவந்த ஒரேயொரு புழு ஒரு தொட்டியை நிரப்பப் போதும்.

இப்புழு முருகையைத் தின்பதில்லை. நுண்ணிய இறால்வகை உயிர்களைப் பிடித்துண்ணும். தன் உடலிலும் அல்காக்களைக் குடிவைத்திருப்பதால் வெளிச்சத்தை நாடிச் சென்று படரும். முருகையின் மேல் போர்வைபோல் படர்ந்து ஒளியை மறைப்பதே அது செய்யும் கேடு.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: நாம் பட்டப்படிப்புக்குப் படித்த நூல்களிலே இது தட்டைப்புழுக் கணத்துள் அடங்கியிருந்தது. ஆனால் பரம்பரை அலகுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று, இக்குழுவினம் தட்டைப்புழுக் கணத்தைச் சேர்ந்ததன்று என்று 1999ஆம் ஆண்டிலே காட்டிற்று. தொட்டி வளர்ப்போர் இன்னும் பழைய பெயராலேயே அழைக்கின்றனர்.

மெய்யான தட்டைப்புழு ஒன்றும் உண்டு. அது கிளைவிட்டு வளரும் அக்குரோபோரா முருகையின் தசையைத் தின்பது. முருகையின் நிறத்தையே தானும் கொண்டிருப்பதால் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. 2011ஆம் ஆண்டிலே தொட்டிகளிற் கிடைத்தவற்றைக் கொண்டு முதலில் விவரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைக்கற்பாரிலும் இருப்பதாக அறியப்பட்டது. முருகையை மருந்து நீரில் தோய்த்தால் புழு உதிரும், முட்டையோ அழியாது. ஆகையால் தனித்தொட்டியிலே வைத்துக் கிழமைக்கொருமுறையாகப் பல கிழமைகள் தோய்த்தெடுத்தல் வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆதலால் உருப்பெருக்குக் கண்ணாடியால் வால்களை எண்ணிப் பார்த்த பின்னரே அடுத்த வேலையில் இறங்குக.

மூன்று வால் புழுவுக்கான வழியை, பல நூல்களைப் புரட்டிய பின், மாணாக்கருக்கு இம்முறை நீளவே எழுதினோம். அதன் சாரம் வருமாறு:

முதலாவது, கையால் அகற்றல். மெல்லிய குழாயின் ஒருமுனை தொட்டியிலும் மறுமுனை கீழேயுள்ள வாளியிலும் இருக்க, நீர் தானே இறங்கும். விளக்கெரியும் வேளையில் புழுக்கள் வெளிச்சமான இடத்திலே கூடும். அப்போது குழாய்முனையை அருகே கொண்டுசென்று உறிஞ்சியெடுக்க வேண்டும். வாளியின் வாயிலே நெருக்கமான துணி கட்டினால் புழு துணியிலே தங்கும். ஒருநாள் செய்து விடுவதாற் பயனில்லை. நாள்தோறும் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, உணவைக் குறைத்தல். மீனுக்கு மிகையாக இட்ட தீன் நீரிலே கழிவாகிப் புழுவின் இரையையும் அல்காவையும் வளர்க்கும். திருக்குறளிலே ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியதாகவே இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இயற்கைப் பகை. ஆறு கோடுகளையுடைய சிறு மீனொன்று இப்புழுவைத் தின்பதுண்டு. ஆனால் எல்லா மீனும் தின்னும் என்பதற்கில்லை. கரிய உடலிலே நீலக்கோடுகள் ஓடும் செலிடொனூரா வேரியன்ஸ் என்னும் கடல் நத்தையினம் இவ்வகைப் புழுவையே உணவாகக் கொள்ளும். புழு தீர்ந்ததும் அது பட்டினியால் மடியும். ஆகையால் அதனை இரவல் வாங்கி, வேலை முடிந்ததும் புழுவுள்ள வேறொரு தொட்டிக்குக் கொடுத்துவிடுதலே அறமாகும்.

நான்காவதும் இறுதியானதுமே மருந்து. கால்நடைகளின் குடற்புழுவுக்குக் கொடுக்கப்படும் லெவமிசோல் போன்றவற்றைத் தொட்டி வளர்ப்போர் கையாள்வர். செம்பு சேர்ந்த மருந்து முருகையையும் இறாலையும் கொல்லும். அதனைத் தொடவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் புழுக்களிற் பெரும்பாலானவற்றை அகற்றிய பின்னரே மருந்தை இடவேண்டும். அதற்குமுன் தொட்டி நீரில் காற்பங்குக்குக் குறையாத புதுக் கடல்நீரையும், நஞ்சை ஈர்க்கும் ஏவப்பட்ட காபனையும் ஆயத்தமாக வைத்துக்கொள்க. காற்றூதியை விரைவாக ஓடவிடுக. சொல்லிய அளவுக்கு ஒரு துளியும் மிகுதல் ஆகாது. புழு உதிர உதிர உறிஞ்சியெடுத்து, குறித்த நேரம் முடிந்ததும் காபனூடாக நீரை ஓடவிட்டு, நீரை மாற்றுக. காலையிலே தொடங்குக. இரவிலே மருந்திட்டு உறங்கப் போகாதேயும் என்று அடிக்கோடிட்டு எழுதினோம்.

ஐந்தாவது, வருமுன் காத்தல். புதிய முருகை எதுவாயினும் தோய்த்தெடுத்து, ஒரு மாதத்துக்கு மேலாகத் தனித்தொட்டியிலே வைத்து நோக்கிய பின்னரே பெரிய தொட்டிக்குள் விடவேண்டும்.

சென்ற கிழமை மாணாக்கரின் மூன்றாவது கடிதம் வந்தது. குழாயைப் பிடிக்கும் வேலையைத் தாயாரே ஏற்றுக்கொண்டாராம். அலுவலகம் செல்லும் மகனுக்குப் பொறுமையில்லை. தாயாருக்கோ பகல் முழுவதும் உண்டு. மாலைதோறும் துணியிலே தங்கிய புழுக்களைக் காட்டி, “இண்டைக்கு இவ்வளவுதான்” என்பாராம். ஆறு கிழமை இவ்வாறு நடந்தபின், ஒரு சனிக்கிழமை காலையிலே இருவருமாக அளந்து மருந்திட்டனர். எஞ்சியிருந்த இரண்டு மீன்களும் நலமாக உள்ளன. புழு முற்றாக ஒழிந்ததென்று அவர் சாதிக்கவில்லை. ஒருமாதமாகக் கண்ணிற் படவில்லை என்று மாத்திரம் எழுதியிருந்தார். அவர் தேறிவிட்டார் என்பதற்கு அவ்வாசகமே சான்று.

ஐந்து மீன்கள் மாண்டதில் நமக்கும் பங்குண்டு. ஒருவர் துன்பத்தைச் சொல்லி வழி கேட்கும்போது, முழுதும் கேளாது மருந்தின் பெயரைச் சொல்லிவிடுதல் ஆசிரியருக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் எளிதில் வந்துவிடும் குற்றம். அடுத்த தவணை விடைத்தாள்களும் இப்போது மேசையிலே வந்து சேர்ந்துவிட்டன. ஆயினும் மாணாக்கர் எவருடைய கடிதம் வந்தாலும், அதனை இருமுறை படித்த பின்னரே எழுதுகோலை எடுப்பதென்று விதித்துக்கொண்டுள்ளோம்.