கயபாவின் கணக்கு

அணுகுண்டுக்குத் தப்பியவர்களின் ஜப்பானிய அமைப்பான நிஹோன் ஹிடாங்கியோவுக்கு 2024-இல் நோபல் அமைதி விருது வழங்கப்பட்டபோது, நமக்கு நினைவுக்கு வந்தவர் எலிசபெத் ஆன்ஸ்கோம். ஆக்ஸ்போர்டில் மெய்யியல் கற்பித்தவர், கத்தோலிக்கர், ஏழு பிள்ளைகளின் தாய்.

1956-இல் அமெரிக்க முன்னாள் அரசுத்தலைவர் ட்ரூமனுக்கு அப்பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் அளிக்க முன்வந்தது. ஆன்ஸ்கோம் எழுந்து எதிர்த்தார். அவரோடு நின்றவர்கள் மிகச் சிலரே, பட்டமும் வழங்கப்பட்டது.

குண்டு போட்டதால் போர் விரைவில் முடிந்தது, பல உயிர்கள் தப்பின என்றார்கள். ஆன்ஸ்கோமோ, மாசற்றோரைக் கொல்வதையே வழியாகத் தேர்ந்துகொண்டால் அது கொலைதான் என்றார். நிபந்தனையற்ற சரணடைதலை வற்புறுத்தியதுதான் அந்த இக்கட்டையே உண்டாக்கியது என்றும் சுட்டிக்காட்டினார்.

பெந்தாம், மில் ஆகியோரின் பயன்வழி அறநெறியைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தோம். பெரும்பாலோரின் பெருநன்மை என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மனிதரை வெறும் கருவியாக்கலாகாது என்றார் காண்ட். ஆனால் மனிதர் தமக்குத் தாமே சட்டம் இயற்றுகிறார் என்ற அவருடைய கருத்தையும் ஆன்ஸ்கோம் ஏற்கவில்லை. 1958-இல் எழுதிய கட்டுரையில் விளைவுவாதம் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே.

பெயர்தான் புதிது. மக்களுக்காக ஒருவர் இறப்பது நல்லது என்று கயபா போட்ட கணக்கை (யோவான் 11:50) நாம் ஒவ்வொரு தவக்காலத்திலும் வாசிக்கிறோம். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியின் உரக்காமி ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தவர்களும் அப்படியொரு கணக்கில்தான் கழிக்கப்பட்டார்கள்.