தகப்பனுக்குப் பாடம்

சுவாமிமலையில் அறுபது படிகள் ஏறி முருகனைத் தரிசிக்கிறவர்கள் அந்த ஸ்தலத்தின் கதையை அறிவார்கள். தகப்பனுக்கே பிரணவத்தின் பொருளை உபதேசித்த பிள்ளை அவன். சொல்லச் சிறியவன் அஞ்சவில்லை. கேட்கப் பெரியவர் கூசவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு இன்னொரு முருகன் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் நாடக மேடை முருகன்: எஸ். எஸ். விசுவநாததாஸ்.

சிவகாசியில் 1886-ல் பிறந்த தாஸ், புராண நாடகங்களில் வேஷம் கட்டிப் புகழ் பெற்றவர். காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்ட பிறகு, அவர் நடித்த புராணக் கதைகளின் நடுவே தேசியப் பாட்டுக்கள் புகுந்தன. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய கொக்குப் பாட்டு அவற்றுள் பிரசித்தமானது. வள்ளி தினைப்புனம் காக்கும் கதையில் ஒரு கொக்கு பறந்தால் யார் குறை சொல்வது? ஆனால் அந்த வெள்ளைக் கொக்கு யாரென்று சபைக்குத் தெரியும். காவேரிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு விளக்கமும் வேண்டுமோ? வயல் நம்முடையது, தண்ணீர் நம்முடையது. மீன் மட்டும் கொக்குக்கு!

சர்க்காரிடம் சட்டம் இருந்தது. ராஜத்துவேஷம் மூட்டுமென்று தோன்றும் எந்த நாடகத்தையும் 1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டப்படி தடுக்கலாம். தாஸ் பலமுறை சிறை சென்றார். வெளியே வந்து மறுபடியும் பாடினார். பாடினவரைப் பிடிக்கலாம்; கொக்கு என்றதும் சிரித்தவர்களை எந்தப் பிரிவின்கீழ்ப் பிடிப்பது? கொக்கு என்றால் வெள்ளைக்காரரே என்று கோர்ட்டில் வாதித்தால், அந்த அர்த்தத்தைச் சர்க்காரே ஒப்புக்கொண்டதாகுமே! இத்தகைய கலையின் பலம் இதுதான். பாதிப் பாட்டை நடிகர் பாடுகிறார். மீதியைச் சபை மனத்துக்குள் பாடி முடிக்கிறது.

1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னையில் வள்ளி திருமணம் நாடகம். முருகன் வேஷத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே தாஸின் உயிர் பிரிந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதியன்று. 1973-ல் தென்னமெரிக்காவின் சிலி தேசத்தில் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவம், சில தினங்களிலேயே விக்டர் ஹாரா என்னும் பாடகரைச் சுட்டுக் கொன்றது. அச்சமயம் ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்திலிருந்த இந்தி இல்லிமானி குழுவினர், தாயகம் திரும்ப வழியின்றி 1988 வரை இத்தாலியில் தங்கிப் பாடினார்கள். பாஷை அறியாத அயலாரும் அவர்களுக்குச் சபையானார்கள்.

அந்நியர் போனதும் கதை முடிந்ததா? இல்லை. 1954-ல் நமது சொந்த ராஜ்ய சர்க்காரும் நாடகங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. 2013-லேதான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதெனத் தீர்த்தது.

வெள்ளைக் கொக்கைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நமக்கு வேண்டியவர்கள் அதிகாரத்தில் இருக்கும்போது, அவர்களைப் பற்றி ஒருவர் மேடையில் பாடினால், நாம் சபையில் உட்காருவோமா, எழுந்து போவோமா? அடுத்த முறை தகப்பன்சாமியின் சன்னிதியில் நிற்கும்போது நேயர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். பிள்ளையிடம் பாடம் கேட்டதனால் அந்தத் தகப்பனுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.