டிஜிட்டல் கேபிள்: அலைவரிசைகள் பெருகின, கடிவாளம் யாரிடம்?

ஹைதராபாத்: கேபிள் தொலைக்காட்சியை டிஜிட்டல் முறைக்கு மாற்றியபோது, பார்வையாளர்களுக்குக் கூடுதல் தெரிவு கிடைக்கும் என்று மத்திய அரசு உறுதியளித்தது. அலைவரிசைகள் பெருகியது உண்மை. எந்தக் குரல் வீட்டை வந்தடையும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் விநியோகிப்போரிடமே நீடிக்கிறது.

1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தில் 2011இல் செய்யப்பட்ட திருத்தம், 4 கட்டங்களாக இம்மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டாம் கட்டத்தில் இடம்பெற்ற 38 நகரங்களுள் ஹைதராபாத்தும் ஒன்று. லோத்குண்டா போன்ற அதன் குடியிருப்புப் பகுதிகளுக்கும் 2013 மார்ச் 31 கெடுவாக விதிக்கப்பட்டது. சுமார் 100 அலைவரிசைகளுக்கு மேல் இடமில்லாத பழைய கம்பிவடம், டிஜிட்டல் முறையில் பல நூறு அலைவரிசைகளைச் சுமக்கும் திறன் பெற்றது. இனி இடப்பற்றாக்குறையைக் காரணம் காட்டி எவரையும் ஒதுக்க இயலாது என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

அந்த எதிர்பார்ப்பு விரைவிலேயே சோதனைக்கு உள்ளானது. தெலங்கானா மாநிலம் உதயமான 2014 ஜூன் மாதத்திலேயே டிவி9, ஏபிஎன் ஆந்திர ஜோதி ஆகிய செய்தி அலைவரிசைகளைக் கேபிள் நிறுவனங்கள் நிறுத்தின. புதிய சட்டமன்ற உறுப்பினர்களை டிவி9 இழிவுபடுத்தியதாகப் புகார் எழுந்திருந்தது. இது கேபிள் நிறுவனங்களின் முடிவு என்று மாநில அரசு கூறியது. எனினும், அந்நிறுவனங்களை முதலமைச்சர் கே. சந்திரசேகர ராவ் பொதுமேடையில் பாராட்டினார். பல மாதங்களுக்கு அவ்வலைவரிசைகள் கேபிளில் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் விநியோகிப்பவரே அரசுதான். 2007இல் தொடங்கப்பட்ட அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 முதல் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை வழங்கி எளியோருக்குப் பெரும் ஆறுதலானது. ஆனால், மாநில அரசுகள் விநியோகத்தில் ஈடுபடக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்திருந்தது. அதையும் மீறி, 2017 ஏப்ரலில் மத்திய அரசு தற்காலிக டிஜிட்டல் உரிமம் வழங்கியது. மலிவான கட்டணமும் சுதந்திரமான விநியோகமும் ஒன்றல்ல என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பாகுபாடின்றி அலைவரிசைகளை ஏற்க வேண்டும் என்றும், அதற்கான கட்டணம் சாதாரணத் தர அலைவரிசைக்குச் சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 20 பைசாவைத் தாண்டக் கூடாது என்றும் டிராய் 2017இல் விதித்தது. விதி மீறப்பட்டால் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால் அன்றாடச் செய்தி, தீர்ப்பு வரும் வரை காத்திருப்பதில்லை. ஊடகப் பன்மைத்துவம் காக்கப்பட வேண்டுமெனில், அலைவரிசையை நிறுத்துவதற்கு முன்பே எழுத்துப்பூர்வமான காரணமும் விரைவான விசாரணையும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.