பாசிக்காட்டுக்கு உரம் போடுவது யார்?

காற்று மாசு என்றதும் 2015-இல் பள்ளிகளை மூட வைத்த புகைமூட்டம்தான் நம் நினைவுக்கு வரும். ஐபியு குறியீடு குறைந்ததும் காற்று சுத்தமாகிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் எனக்கு, அந்தக் குறியீடு முழுமையாகக் காட்டாத ஒரு மாசு கவலை தருகிறது. அதுதான் நைட்ரஜன்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தானே, அதில் என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாயுவைச் செடிகளால் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. ஆனால், வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடும், உரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் மழையிலும் மூடுபனியிலும் கலந்து படியும்போது, கேட்காத இடத்தில் உரமாகிவிடுகின்றன.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கப் பறிக்க, அதோடு போகும் நைட்ரஜனை உரமிட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். காய்கறித் தோட்டங்களில் கோழி எருவும் பயன்படுகிறது. இந்தத் தோட்டங்களுக்கு மேலே, 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங், ஈராவ் மலைகளில் பாசிக்காடு இருக்கிறது. பாசிக்கு வேர் இல்லை. மழையும் மேகமும் கொண்டுவருவதே அதன் உணவு. அவற்றில் எது கலந்திருந்தாலும் அது பாசிக்குள் போகும். அம்மோனியாவில் கணிசமான பங்கு, கிளம்பிய இடத்துக்கு அருகிலேயே படியக்கூடியது.

சத்து கூடினால் காடு செழிக்காதா? அங்கே வளரும் பெரியோக் கெரா, சத்துக் குறைந்த மண்ணில் வாழ்வதற்காகவே பூச்சி பிடிக்கப் பழகிய செடி. அமெரிக்காவில் வேறோர் இனக் குடுவைச் செடிக்கு நைட்ரஜனைக் கூடுதலாகக் கொடுத்தபோது, அது பூச்சி பிடிக்கும் குடுவைகளைக் குறைத்துக்கொண்டு தட்டையான இலைகளை விட்டது. இந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. நெதர்லாந்தில் ஊதாப்பூ பூத்த புதர்வெளிகள் பல, நைட்ரஜன் படிந்து புல்வெளிகளாகிவிட்டன. வேகமாக வளரும் சில செடிகள் மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிடுகின்றன.

ஐபியு கணக்கில் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டு, அம்மோனியா இல்லை. அது மனிதர்களின் மூச்சுக்கான அளவுகோல், காட்டுக்கானது அல்ல.

உரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தேயிலையை நம்பி நம் மக்கள் பலர் பிழைக்கிறார்கள். யூரியாவையும் எருவையும் மேலே தூவிவிட்டுப் போகாமல் மண்ணோடு கலந்தால், அம்மோனியா வெளியேறுவது குறையும், உரச்செலவும் மிச்சமாகும். வீணாகும் உரச்சத்தை 2030-க்குள் பாதியாகக் குறைக்க 2022-இல் மொன்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அவற்றில் மலேசியாவும் ஒன்று.

அதற்கு முதல் படி, மலையில் பெய்யும் மழையிலும் மூடுபனியிலும் உள்ள நைட்ரஜனைத் தொடர்ந்து அளப்பது. அறிவியல் படிக்கும் நண்பர்களே, உங்கள் அடுத்த ஆய்வுக்கு இதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாமே!