பெஞ்சியில் உட்கார்ந்தவர்

கூடைப் பந்தாட்டத்தில் ஒரு கோஷ்டிக்கு ஐந்து பேர்தான். அந்த ஐந்து பேரும் சூரர்களாக இருந்தால் போதாதா, பெஞ்சியில் வேறு எதற்கு ஒரு கூட்டம் துண்டைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். இதற்கு அமெரிக்காவில் 1962-ஆம் வருஷம் ஒரு பதில் கிடைத்தது.

அந்த வருஷம் அங்கே எல்லார் வாயிலும் வில்ட் சேம்பர்லேன் பெயர்தான். ஏழடி உயரம், பிலடெல்பியா கோஷ்டி. மார்ச் 2-ந் தேதி, நியூயார்க் கோஷ்டிக்கு எதிராக ஒண்டி ஆளாக 100 பாயிண்டு எடுத்தார்! சீசன் முழுவதும் சராசரி 50-க்கு மேல். அவர் பெஞ்சியில் உட்கார்ந்தார் என்பதே அபூர்வம். இப்பேர்ப்பட்டவர் இருந்தால் சாம்பியன் பட்டம் வீடு தேடி வர வேண்டுமல்லவா? வரவில்லை. கிழக்குப் பிரிவு இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் ஸெல்டிக்ஸ் கோஷ்டி இரண்டே பாயிண்டில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது.

பாஸ்டனிலும் ஒரு மலை உண்டு. பெயர் பில் ரஸ்ஸல். ஆனால் அவர் சராசரி 19-ஐக்கூட எட்டவில்லை. எதிரி எறியும் பந்தைத் தட்டிவிடுவது, கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பிடித்துத் தோழர்களிடம் சேர்ப்பது, இவைதான் அவர் வேலை. அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டபோது, ஜெயித்தவர் ரஸ்ஸல்தான். கூட ஆடுகிறவனுக்குத் தெரியாதா, யார் பாரம் சுமக்கிறார் என்று!

பயிற்சியாளர் ரெட் அவர்பாக் பொல்லாத ஆசாமி. கல்யாண வீட்டில் கைதேர்ந்த பரிசாரகர் ஒருவரைக் கடைசிப் பந்திக்கென்று நிறுத்தி வைப்பதில்லையா? அதுபோல், பிராங்க் ராம்ஸி என்ற கெட்டிக்காரரை முதலில் இறக்கமாட்டார். எதிரிகளுக்கு மேல்மூச்சு வாங்கும்போதுதான் ராம்ஸி வருவார்.

ஏப்ரல் 18. பட்டத்துக்காக லாஸ் ஏஞ்செல்ஸ் லேக்கர்ஸுடன் ஏழாவது ஆட்டம். ஆறு 'பவுல்' செய்தவர் வெளியேற வேண்டும் என்பது விதி. எல்ஜின் பெய்லர் என்ற புலியை மறிக்கப் போய், ராம்ஸி உள்பட நால்வர் வெளியேறிவிட்டார்கள். ஆட்டமோ 100-100 என்று சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. ரஸ்ஸல் 30 பாயிண்டு எடுத்து, தெறித்த பந்துகள் 40-ஐயும் பிடித்தார். ஆனால் பெய்லரை மறிக்க யார்? பெஞ்சியின் கோடியிலிருந்து ஜீன் குவரிலியா என்பவர் எழுந்து வந்தார். அவர் நெருக்கியதில் பெய்லரின் குறி தப்பியது. 110-107, பட்டம் பாஸ்டனுக்கு!

குவரிலியா மொத்தம் ஆடியதே நான்கு சீசன்தான். நான்கிலும் பாஸ்டனே சாம்பியன். சேம்பர்லேன் தம் முதல் பட்டத்துக்கு 1967 வரை காத்திருந்தார்.