வாசலுக்கு வாட்டம் எந்தப் பக்கம்?

சென்னைப் புறநகரில் வீடு கட்டுவோர் கடைசியாகக் கவனிக்கும் இடம் முன்வாசல். கிரகப்பிரவேசம் நெருங்கும்போது, மிச்சமிருக்கும் பணத்தில் மதில் முதல் மதில் வரை சிமென்ட் போட்டுவிடுகிறார்கள். சேறு கிடையாது, கார் நிறுத்தலாம். அதன்மேல் விழும் மழை எங்கே போகும் என்ற கேள்வி ஐப்பசி வரை எழுவதில்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 செ.மீ. 20 அடிக்கு 10 அடி வாசலில் மட்டும் அது 9,000 லிட்டருக்கு மேல். மொட்டை மாடி நீர் தனி.

பலரும் தெருப்பக்கம் வாட்டம் கொடுக்கிறார்கள். தெருவோ, தார்மேல் தார் போட்டு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்குள் ஏறிய உயரம் இறங்கிவிடவில்லை. இன்னும் சிலர் வாசல் நீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிடுகிறார்கள். இது மன்னிக்க முடியாத தவறு. சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. மழை புகுந்தால் சாக்கடை பொங்கி, தெருவிலேயே பள்ளமான வீட்டின் குளியலறையில் எழும்.

தளம் போடுவதற்கு முன்பே கொத்தனாரோடு பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. வாட்டம் வீட்டுச் சுவரைவிட்டு விலகி, பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது இறங்க வேண்டும். மதிலோரம் இரண்டடி மண்ணை மூடாமல் விட்டு, நீரை அங்கே திருப்பலாம். கேட்டுக்கு உட்புறம் குறுக்கே கம்பிவலை மூடிய சிறு கால்வாய் அமைத்து, அதைக் கசிவுநீர்க் குழியில் சேர்க்கலாம். பெசன்ட் நகர் மணல் நீரைச் சட்டென்று குடிக்கும். வேளச்சேரிக் களிமண் குடிக்காது, அங்கே குழி ஆழமாக வேண்டும். பேவர் பிளாக் போட்டால் இடுக்கு வழியே நீர் இறங்கிவிடும் என்று நம்புவோர், அடியில் கான்கிரீட் போடாமல் ஜல்லி பரப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2003-ல் தமிழகம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆனால் பல வீடுகளில் அது மாடிக் குழாயோடு நின்றுவிட்டது. இங்கிலாந்தோ, அங்கு 2007-ல் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, வாசலுக்கே ஒரு விதி கொண்டுவந்தது: முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளம் போட்டு, அந்த நீரைத் தன் மண்ணில் இறக்காதவர் 2008 அக்டோபர் முதல் அனுமதி வாங்க வேண்டும். இங்கும் கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே வாசலின் வாட்டத்தையும், நீர் இறங்கும் இடத்தையும் காட்டச் சொல்ல வேண்டும்.